பிரயாணியின் கையில் விமானம்

நான்கு பேர் அமரக்கூடிய சிறு விமானம் ஒன்றில் விமானிக்கு வலப்பக்கத்து ஆசனத்தில் அமர்ந்து பிரயாணம் செய்பவருக்கு எதிரிலும், விமானிக்கு இருப்பதைப் போன்றே ஒரு கைச்சக்கரம் இருக்கிறது. காலடியிலும் அதே மாதிரி இரண்டு மிதிகள் இருக்கின்றன. விமானி தம் சக்கரத்தைத் திருப்பும்போதெல்லாம் தம் மடிக்கு மேலிருக்கும் சக்கரமும் தானாகவே திரும்புவதைப் பார்த்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு, அதை ஒரு தடவையாவது பிடித்துப் பார்க்க வேண்டும் என்ற ஆசை எழுவது இயற்கை. அந்த ஆசையை விமானி நிறைவேற்றலாமா, நிறைவேற்றுவதானால் எந்தச் சந்தர்ப்பத்தில், எந்த நிபந்தனைகளின் பேரில், எந்த அளவுக்கு என்பனவே இக்கட்டுரையில் ஆராயப்படும் விஷயங்கள்.

தனி மனிதர்கள் சொந்த உபயோகத்துக்கு விமானம் வைத்துக்கொள்ளும் வழக்கம் அமெரிக்காவில்தான் மிகவும் வேரூன்றியிருக்கிறது. 1956-ஆம் ஆண்டு முதல் விற்பனைக்கு வந்த செஸ்னா 172 என்னும் நான்கு ஆசன விமானம் மட்டுமே 44,000-க்கு மேல் செய்யப்பட்டிருப்பது இதற்குச் சான்று. ஆகவே இப்பிரச்னை முதலில் எழுந்ததும், அதிகமாக விவாதிக்கப்பட்டதும், சட்டத்தின் பார்வைக்கு வந்ததும் அந்நாட்டில்தான். விவாதத்தில் இரு தரப்பினர் இருக்கின்றனர். பரீட்சை எழுதித் தேறி உரிமம் பெற்றவன் விமானி ஒருவனே. அவன் கையை நம்பித்தான் மற்றவர்கள் ஏறினார்கள். அந்தக் கையை அவன் எடுப்பதற்கு நியாயமே இல்லை என்கிறார்கள் ஒரு சாரார். பறத்தலின் ஆனந்தத்தைத் தன்னோடு வந்தவருக்கும் அளிக்காத விமானி உலோபி என்றும், உயரத்தில் நிதானமாகப் பறக்கும் விமானத்தைச் சில நிமிஷம் பிறர் பிடிப்பதால் கெட்டுப் போவது எதுவும் இல்லை என்றும் வாதிக்கிறார்கள் மறு சாரார். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் பிரச்னையின் உயிர்நிலை இரண்டுக்கும் சற்று அப்பால் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. விமானத்தின் கருவிகளைச் சற்று நேரம் பிறர் கையில் கொடுக்கலாம். அதன் பொறுப்பை ஒரு கணமும் கொடுக்க இயலாது. கருவியைக் கொடுத்துவிட்டுப் பொறுப்பைக் கைவிடாமல் இருப்பது தனியாகக் கற்க வேண்டிய ஒரு வித்தை. அந்த வித்தையை விமானப் பள்ளிகள் சாதாரண விமானிகளுக்குக் கற்பிக்காமல் விட்டிருப்பதே இவ்விஷயத்தில் உள்ள மூலக் குறை. இந்த அபிப்பிராயத்துக்கு நான் வந்த வழியை இனி விவரிக்கிறேன்.

இரட்டைக் கருவிகள் வந்த வரலாறு

1908-ஆம் ஆண்டு மே மாதம் 14-ஆம் தேதி, சார்லஸ் ஃபர்னாஸ் என்ற மெக்கானிக்கை ஏற்றிக்கொண்டு ரைட் சகோதரர்கள் கிட்டி ஹாக் மணல்வெளிக்கு மேல் பறந்தபோது, விமானத்தில் பிரயாணி என்ற ஸ்தானம் முதன்முதலாக ஏற்பட்டது. பின்னர் அவர்கள் பிறருக்குக் கற்பிக்கத் தொடங்கிய விமானங்களில் இரு ஆசனங்களுக்கும் நடுவே ஒரு நெம்புகோலை வைத்து, இருபக்கத்தாரும் அதைப் பொதுவாகப் பிடிக்கும்படி செய்தார்கள். இடப்பக்கம் அமர்ந்து கற்றவருக்கு அக்கோலில் ஒரு கையும், வலப்பக்கம் அமர்ந்து கற்றவருக்கு மறு கையும் பழகிவிட்டபடியால், ஆசனம் மாறி அமர்ந்தால் விமானத்தைச் செலுத்த இயலாத விசித்திர நிலைமை அக்காலத்து விமானிகளிடையே இருந்து வந்தது. இங்கிலாந்தில் பிரிஸ்டல் பாக்ஸ்கைட் என்ற விமானத்தில் இந்தச் சௌகரியமும் இல்லை. மாணவன் ஆசிரியரின் முதுகை ஒட்டிய பின்னிடத்தில் குந்தி, அவருடைய தோளைச் சுற்றிக் கையை நீட்டிக் கோலைத் தொட்டு, அது எப்படி அசைகிறது என்பதை விரல்களாலேயே ஊகித்து அறிய வேண்டியிருந்தது.

முதல் மகாயுத்தத்தில் பயிற்சியின்போதே எண்ணற்ற இளைஞர்கள் மாண்டுபோனதைக் கண்டு மனம் பொறாத ராபர்ட் ஸ்மித்-பாரி என்னும் ஆங்கில அதிகாரி, 1917-இல் தென் இங்கிலாந்தின் காஸ்போர்ட் என்னும் ஊரில் ஏற்படுத்திய பள்ளியில் ஒரு புதிய முறையைக் கையாண்டார். ஆவ்ரோ 504 விமானத்தில் ஆசிரியருக்கும் மாணவனுக்கும் முழுமையான இரட்டைக் கருவிகளைப் பொருத்தினார். காற்றின் இரைச்சலில் பேச்சு கேட்பதற்கு ஒரு குழாயையும் அமைத்தார். ஆபத்தான நிலைகளை மாணவனுக்குக் காட்டாமல் மறைப்பதைக் காட்டிலும், ஆசிரியர் அருகில் இருக்கும்போதே அவற்றில் அவனை வேண்டுமென்றே இட்டு, மீளும் வகையை அவன் கையாலேயே செய்யப் பழக்குவது அவர் கண்ட உபாயம். பிறர் கையில் விமானத்தை விட்டுப் பார்த்து, வேண்டிய கணத்தில் மட்டும் திரும்ப வாங்குவதென்பது அன்றைக்கே ஒரு சாஸ்திரமாயிற்று. உலகமெங்கும் விமானப் பயிற்சி இன்றும் அந்த அஸ்திவாரத்தின் மேல்தான் நிற்கிறது.

இந்த வரலாற்றிலிருந்து ஓர் உண்மை துலங்குகிறது. இரண்டாவது கைச்சக்கரம் பிரயாணியின் பொழுதுபோக்குக்காக வந்ததன்று, ஆசிரியருக்காக வந்தது. பயிற்சிக்கென்று செய்த விமானமே பிற்பாடு குடும்பத்தோடு உல்லாசமாகச் செல்லும் வாகனமாகவும் ஆனபோது, ஆசிரியர் இறங்கிப் போன ஆசனத்தில் அநுபவமற்ற பிரயாணி ஏறி அமர்ந்தார். கருவிகள் மட்டும் இருந்தபடியே இருந்துவிட்டன. பழைய டைகர் மாத் விமானத்தில் முன் ஆசனத்துக் கோலைக் கழற்றி வைக்கலாம். பீச்கிராஃப்ட் பொனான்ஸாவின் பல மாதிரிகளிலோ ஒரே கைச்சக்கரம்தான் உண்டு. அதை ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குத் தூக்கி மாற்றலாம். ஆனால் செஸ்னா, பைப்பர் வகைச் சிறு விமானங்களில் பெரும்பாலானவற்றில் இரண்டு சக்கரங்களும் எப்போதும் இணைந்தே இயங்குகின்றன. பிரயாணி தொட விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், விமானத்தின் இயக்கம் அவர் முழங்காலுக்கு நேரே இருந்துகொண்டுதான் இருக்கிறது.

சட்டத்தின் நிலை

1944-ஆம் ஆண்டுச் சிகாகோ உடன்படிக்கையின் இரண்டாம் அநுபந்தம், விமானத்தின் தலைமை விமானி கருவிகளைத் தாமே இயக்கினாலும் இயக்காவிட்டாலும் அதன் நடத்தைக்கு அவரே பொறுப்பாளி என்று விதித்திருக்கிறது. இந்தியா உள்ளிட்ட உடன்படிக்கை நாடுகளுக்கெல்லாம் பொதுவான இந்த விதியில் நமக்கு வேண்டிய தத்துவம் முழுவதும் அடங்கியிருக்கிறது. கருவியை இயக்கும் கையும் பொறுப்பை ஏற்கும் மனிதரும் வேறு வேறாக இருக்கக்கூடும் என்பதைச் சட்டமே முன்னதாக எதிர்பார்த்து, பொறுப்பு எங்கே தங்கும் என்பதைச் சந்தேகத்துக்கு இடமின்றி நிர்ணயித்துவிட்டது.

அமெரிக்காவின் பொது விமான விதிகளும் இவ்வழியே செல்கின்றன. விமானத்தின் நடத்தைக்குத் தலைமை விமானியே நேர்ப் பொறுப்பாளி, அவர் முடிவே இறுதி முடிவு என்று 91.3-ஆம் விதி கூறுகிறது. ஆனால் தனியார் பறத்தலில் பிரயாணி கருவிகளைத் தொடலாகாது என்று அத்தொகுப்பில் எங்கும் சொல்லவில்லை. கட்டணம் வாங்கிப் பிரயாணிகளை ஏற்றிச் செல்லும் கம்பெனி விமானங்களின் நிலைமை முற்றும் வேறு. அவ்விமானங்களில் அக்கம்பெனியின் தகுதி பெற்ற விமானிகளையும் விதியில் குறிப்பிட்ட மிகச் சிலரையும் தவிர வேறு எவரும் கருவிகளைக் கையாள அனுமதிப்பது தெளிவாகத் தடுக்கப்பட்டிருக்கிறது. விலை கொடுத்து ஏறியவர் பாதுகாப்பை வாங்கினார். அதில் எவருடைய விநோதத்துக்கும் இடமில்லை என்பது இந்தப் பேதத்தின் நியாயம்.

தனியார் பறத்தலில் தடையில்லை என்பதால் வரம்பே இல்லை என்று கொள்ளலாகாது. பிறர் உயிருக்கோ பொருளுக்கோ ஆபத்து விளையும்படி கவனக்குறைவாக விமானத்தை நடத்துவது எங்கும் குற்றம். பிரயாணியின் கையால் விளைந்த விபரீதத்துக்கும் அந்தக் குற்றச்சாட்டு விமானியின் தலையிலேயே விழும். பிரயாணி சக்கரத்தைப் பிடித்த நேரத்தைப் பயிற்சிக் கணக்கில் எழுதிக்கொள்ளவும் முடியாது. ஏனெனில் கற்பிக்கும் உரிமம் பெற்ற ஆசிரியரிடம் பெறும் பாடமே பாடமாகக் கணக்கிடப்படும். உரிமம் பெற்ற சாதாரண விமானி தம் நண்பருக்கு ஓர் அநுபவத்தை அளிக்கலாம். வித்தையைக் கற்பித்ததாகச் சொல்லிக்கொள்ள இயலாது. சட்டம் இந்த இடத்தில் மேலும் ஓர் அடி எடுத்து வைத்தது 1996-இல்தான். அதற்குக் காரணமான சம்பவத்தைப் பின்னர் காண்போம்.

விமானத்தின் சுபாவமும் புதியவரின் கையும்

சட்டம் இடம் கொடுத்தாலும் இயற்கை இடம் கொடுக்குமா என்பதே அடுத்த கேள்வி. சீராக அமைந்த சிறு விமானம் ஒன்றை, அமைதியான காற்றில், வேண்டிய வேகத்தில் வைத்து, டிரிம் என்னும் சிறு சக்கரத்தால் சமன் செய்துவிட்டால், விமானி இரு கைகளையும் எடுத்துவிட்டாலும் அது வெகு நேரம் தன்பாட்டில் நேரே சென்றுகொண்டிருக்கும். மூக்கு சற்றுத் தாழ்ந்தால் வேகம் கூடி, தானே மீண்டும் நிமிரும். நிமிர்ந்தால் வேகம் குறைந்து, தானே தாழும். ஆகவே புதியவரிடம் விமானத்தைக் கொடுக்கும்போது உண்மையில் அவர் செய்ய வேண்டியது மிகக் குறைவு. ஆபத்து அவருடைய சோம்பலில் இல்லை. அளவுக்கு மீறிய முயற்சியில் இருக்கிறது.

மோட்டார் ஓட்டிப் பழகிய ஒருவர் முதன்முதலாகக் கைச்சக்கரத்தைப் பிடிக்கும்போது நேர்வதைக் கூர்ந்து கவனித்தால் இது விளங்கும். மோட்டாரின் ஸ்டியரிங்கைச் சற்றுத் திருப்பிப் பிடித்திருந்தால் வண்டி ஒரே அளவான வளைவில் திரும்பிக்கொண்டிருக்கும். விமானத்தின் சக்கரத்தையோ திருப்பிப் பிடித்திருக்கும் வரையில் விமானம் மேலும் மேலும் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே போகும். வேண்டிய சாய்வு வந்தவுடன் சக்கரத்தை நடுவுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். இதை அறியாத புதியவர் வலப்பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டே இருக்கிறார். இறக்கை அவர் எதிர்பாராத அளவுக்குத் தாழ்கிறது. திடுக்கிட்டு இடப்பக்கம் வேகமாகத் திருப்புகிறார். சாய்ந்த விமானத்தின் மூக்கு இயல்பாகவே கீழிறங்க, அதைக் கண்டு சக்கரத்தைத் தம் பக்கம் இழுக்கிறார். அவருடைய விரல்களின் எலும்பு வெளுத்துத் தெரியும்படி பிடி இறுகுகிறது, தோள்கள் உயர்கின்றன, கண்கள் தொடுவானத்தை விட்டு எதிரிலுள்ள முட்களைத் துரத்துகின்றன. முள் காட்டும் தவற்றை அவர் திருத்தத் தொடங்கும்போது விமானம் தானே வேறு நிலைக்கு வந்துவிட்டிருப்பதால், அவருடைய திருத்தமே அடுத்த தவறாகிறது.

கணக்கைப் பார்த்தாலும் இதன் தீவிரம் புலப்படும். விமானம் 45 டிகிரி சாய்ந்து உயரம் குறையாமல் திரும்பும்போது இறக்கைகள் தாங்கும் பாரம் ஒன்றரை மடங்குக்குச் சற்றுக் குறைவாகிறது. 60 டிகிரியில் அது சரியாக இரு மடங்கு. அப்போது இறக்கை தன் தாங்கும் சக்தியை இழக்கும் வேகமும் நூற்றுக்கு 41 பங்கு உயர்ந்துவிடுகிறது. நேர்ப் பறத்தலில் 48 நாட் வேகத்தில் தாங்கும் சக்தியை இழக்கும் விமானம், 60 டிகிரிச் சாய்வில் ஏறக்குறைய 68 நாட்டிலேயே இழந்துவிடும். அன்றி, மூக்குத் தாழ்ந்து வேகம் ஏறும் சாய்வில் இறக்கைகளைச் சமன் செய்யாமல் சக்கரத்தை மட்டும் இழுத்தால் விமானம் நிமிர்வதற்குப் பதிலாக வளைவு மேலும் இறுகி, கீழ்நோக்கிச் சுழன்று செல்லும். முதலில் சமன் செய், பிறகு இழு என்பது விமானிக்குப் பயிற்சியால் வந்த அறிவு. இழு என்பது மட்டுமே புதியவரின் இயல்பூக்கம்.

தொடுவானம் மறைந்துவிட்டாலோ நிலைமை இன்னும் மோசம். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் நடத்தி 1954-இல் வெளியிட்ட சோதனை ஒன்றில், கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கப் பழகாத 20 பேரை, வெளியே பார்க்க முடியாதபடி செய்து, விமானத்தைச் செலுத்தச் சொன்னார்கள். ஒருவர் பாக்கியின்றி அனைவரும் கட்டுப்பாட்டை இழந்தனர். சராசரியாக அதற்குப் பிடித்த நேரம் 178 விநாடிகள். அவர்களில் 19 பேரை விமானம் இட்டுச் சென்றது மேலே சொன்ன அதே சுழல் வீழ்ச்சிக்கு. மேகத்தின் அருகிலோ, மங்கிய மாலையிலோ, புழுதி மூடிய வானத்திலோ பிரயாணியின் கையில் சக்கரத்தைக் கொடுப்பதற்கு நியாயமே இல்லை என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இரண்டு துயரங்கள்

1996-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், ஜெசிகா டுப்ராஃப் என்ற ஏழு வயதுச் சிறுமி, தன் தந்தையோடும் ஒரு பயிற்சி ஆசிரியரோடும், கலிபோர்னியாவிலிருந்து செஸ்னா 177 விமானம் ஒன்றில் அமெரிக்காவைக் குறுக்கே கடக்கப் புறப்பட்டாள். அந்தச் சாதனையை மிகச் சிறு வயதில் செய்தவள் என்ற பெயர் அவளுக்கு வர வேண்டும் என்பது நோக்கம். பத்திரிகைகளும் தொலைக்காட்சியும் வழிநெடுகக் காத்திருந்தன. ஏப்ரல் 11-ஆம் தேதி காலை, கடல் மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேலுள்ள செயென் என்னும் ஊரில் இடியுடன் கூடிய மழை நெருங்கிக்கொண்டிருந்தபோது, அளவுக்கு மிஞ்சிய பாரத்தோடு கிளம்பிய அந்த விமானம் சற்று நேரத்துக்குள் தாங்கும் சக்தியை இழந்து வீழ்ந்தது, மூவரும் மாண்டனர். விசாரணை செய்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புக் கழகம், அந்த வானிலையில் கிளம்பத் துணிந்த தலைமை விமானியின் தீர்மானத்தையே காரணமாகக் கண்டது; பத்திரிகைகளுக்குக் கொடுத்திருந்த வாக்கும், அதனால் வந்த பேராசை மிக்க கால அட்டவணையும் அத்தீர்மானத்துக்குத் துணைபோயின என்றும் கூறியது.

இதை நன்கு கவனிக்க வேண்டும். குழந்தையின் கை விமானத்தை வீழ்த்தியதாக விசாரணை சொல்லவில்லை. குழந்தையின் பெயரால் நடந்த காட்சி பெரியவரின் விவேகத்தை மறைத்தது. அதே ஆண்டில் அமெரிக்கக் காங்கிரஸ் இயற்றிய சட்டமும் இந்த நோயின் மூலத்தையே தொட்டது. தகுந்த உரிமமும் வைத்தியச் சான்றும் இல்லாத ஒருவர் சாதனைக்காகவோ போட்டிக்காகவோ முயல்கிறார் என்று அறிந்தும், அல்லது அறிந்திருக்க வேண்டிய நிலையில் இருந்தும், அவரைக் கருவிகளை இயக்க அனுமதிக்கும் விமானி தம் உரிமத்தை இழப்பார். நண்பருக்குச் சற்று நேரம் சக்கரத்தைக் கொடுப்பதை அச்சட்டம் தடுக்கவில்லை. அதை விளம்பரமாக்குவதைத் தடுத்தது. நிதானமான நல்ல சட்டம் என்றே சொல்வேன்.

மற்றொன்று பெரிய விமானத்தில் நேர்ந்தது. ஆயினும் சிறு விமானம் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அறிய வேண்டியது. 1994-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 23-ஆம் தேதி இரவு, மாஸ்கோவிலிருந்து ஹாங்காங் சென்றுகொண்டிருந்த ஏரோஃப்ளாட் 593 என்னும் ஏர்பஸ் ஏ310 விமானத்தில், விமானி யாரோஸ்லாவ் குத்ரின்ஸ்கி தம் மகளையும் மகனையும் ஒருவர் பின் ஒருவராகத் தம் ஆசனத்தில் அமர்த்தினார். விமானத்தை நடத்திக்கொண்டிருந்தது தானியங்கிக் கருவியாகிய ஆட்டோபைலட். ஆகவே பிள்ளைகள் சக்கரத்தைப் பிடிப்பது வெறும் பாவனை என்று எல்லோரும் எண்ணியிருந்தனர். மகன் அரை நிமிஷ அளவு தொடர்ந்து சக்கரத்தின் மேல் செலுத்திய பலத்தால் ஆட்டோபைலட்டின் ஒரு பகுதி, அதாவது இறக்கைச் சாய்வைப் பார்த்துக்கொள்ளும் பகுதி மட்டும், விலகிக்கொண்டது. ஒலி எழவில்லை, ஒரு சிறு விளக்கு மட்டும் எரிந்தது, அதை எவரும் பார்க்கவில்லை. விமானம் திரும்புவதை முதலில் கவனித்துச் சொன்னவன் அந்தச் சிறுவனே. அது ஏன் என்று பெரியவர்கள் யோசித்துக்கொண்டிருந்த விநாடிகளில் சாய்வு 45 டிகிரியைத் தாண்டிச் செங்குத்தை நெருங்கியது. வேகமாற்றத்தின் பாரத்தில் ஆசனத்தை மாற்றிக்கொள்வதும் இயலாமற் போயிற்று. விமானம் விழுந்து, நிமிர்ந்து, மீண்டும் விழுந்து, சைபீரியக் காட்டில் மோதியது. 75 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

இங்கே பாடம் இரண்டு. தலைமை விமானி தம் ஆசனத்தைக் கொடுத்தார். ஆசனத்தோடு பொறுப்பை நிறைவேற்றும் வழியையும் இழந்தார். அடுத்தபடியாக, யார் செலுத்துகிறார் என்பதில் குழப்பம் நேர்ந்தது. கருவி செலுத்துகிறது என்று மனிதரும், மனிதர் செலுத்துகிறார் என்று கருவியும் இருந்துவிட்டன. சிறு விமானங்களிலும் இப்போது ஆட்டோபைலட் சாதாரணமாகிவிட்டது. அது இயங்கிக்கொண்டிருக்கும்போது பிரயாணி சக்கரத்தை எதிர்த்துத் தள்ளினால், அது டிரிம் சக்கரத்தை எதிர்ப்பக்கமாகச் சுழற்றிக்கொண்டே போகக்கூடும். பின்னர் விலகும் கணத்தில் விமானம் திமிறும். ஆட்டோபைலட்டை முற்றும் நிறுத்தாமல் சக்கரத்தை எவர் கையிலும் கொடுக்கலாகாது என்பது இதனால் பெறப்படும்.

கொடாமல் இருப்பதன் நஷ்டம்

இவ்வளவு அபாயம் உண்டென்றால் கொடாமலே இருந்துவிடலாமே என்று தோன்றலாம். அதிலும் நஷ்டம் உண்டு. அது விபத்து அறிக்கைகளில் இடம்பெறாத காரணத்தால் எளிதில் மறந்துவிடுகிறோம்.

சிறு விமானத்தில் அஞ்சி நடுங்கி அமர்ந்திருப்பவர், சக்கரத்தைத் தம் கையில் பிடித்து, தாம் சற்றே அசைத்தால் அது பணிவோடு அசைவதைக் கண்டவுடன் பயம் தெளிவதைப் பல விமானிகள் கண்டிருக்கின்றனர். குமட்டலும் அவ்வாறே, அசைவைத் தானே உண்டாக்குகிறவருக்கு அது அதிகம் வருவதில்லை. இளைஞர் உள்ளத்தில் இது விதைப்பது இன்னும் பெரிது. அமெரிக்காவின் ஆஷ்காஷ் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட பரிசோதனை விமானச் சங்கம் 1992-இல் தொடங்கிய ‘இளம் கழுகுகள்’ என்னும் இயக்கத்தின் மூலம், 8 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளைத் தொண்டர்களான விமானிகள் தம் சொந்தச் செலவில் வானில் ஏற்றிச் செல்கின்றனர். 2016-க்குள் அவ்வாறு பறந்தவர் தொகை 20 லட்சத்தைத் தாண்டிற்று.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஆபத்துக் காலம். சிறு விமானத்தில் பெரும்பாலும் விமானி ஒருவரே; அவர் மயங்கி விழுந்தால் மிஞ்சுவது பிரயாணி. 2012-ஆம் ஆண்டு ஏப்ரலில் விஸ்கான்சின் மாநிலத்தில், இரட்டை என்ஜின் செஸ்னா ஒன்றைச் செலுத்திக்கொண்டிருந்த கணவர் வானிலேயே உயிர் நீத்தபோது, 80 வயதான மனைவி, எரிபொருள் தீர்ந்து ஓர் என்ஜின் நின்றுபோன நிலையிலும், அருகில் பறந்துவந்த மற்றொரு விமானியின் அறிவுரைப்படி விமானத்தைத் தரையில் இறக்கிப் பிழைத்தார். பல ஆண்டுகளுக்கு முன் கணவரின் வற்புறுத்தலால் அவர் சிறிது பயின்றிருந்தது அன்று உயிர் காத்தது. அடுத்த ஆண்டு அக்டோபரில் இங்கிலாந்தின் ஹம்பர்சைட் நிலையத்தில், நண்பரோடு சென்ற முதியவர் ஒருவர், விமானி நோயுற்றுச் சாய்ந்த பின், இருள் சூழ்ந்த வேளையில், கீழிருந்து ஆசிரியர்கள் சொல்லச் சொல்லக் கேட்டு விமானத்தை இறக்கினார். 2022-ஆம் ஆண்டு மே 10-ஆம் தேதி, பஹாமாத் தீவுகளிலிருந்து வந்துகொண்டிருந்த செஸ்னா 208 விமானத்தில் விமானி மயங்கியபோது, பறக்கவே கற்றிராத ஒரு பிரயாணி கீழ்நோக்கிப் பாய்ந்த விமானத்தை மெதுவாக இழுத்து நிமிர்த்தி, பாம் பீச் நிலையத்தில் பத்திரமாக இறக்கினார். அவருக்கு வழிகாட்டிய கட்டுப்பாட்டு அதிகாரி தாமே ஒரு பறத்தல் ஆசிரியராகவும் இருந்தது அவர்களுடைய பாக்கியம்.

இத்தகைய வேளைகளை எண்ணித்தான், 1939-இல் தோன்றிய அமெரிக்க விமான உரிமையாளர் சங்கம், விமானியின் மனைவிக்கும் நண்பருக்கும் என்றே ஒரு சிறு பயிற்சியை வகுத்து நடத்தியது. விமானத்தை நேரே வைத்திருத்தல், 121.5 என்னும் அபாய அலைவரிசையில் உதவி கேட்டல், அருகிலுள்ள நிலையத்தை நோக்கித் திருப்புதல், வேகத்தைக் காத்து இறக்குதல் ஆகியவையே அதன் பாடங்கள். சிரஸ் விமானங்களில் கூரையிலுள்ள கைப்பிடியை இழுத்தால் விமானம் முழுவதையும் தாங்கி இறங்கும் பாராசூட் உண்டு. 2020 முதல் சில விமானங்களில், பிரயாணி ஒரு பொத்தானை அழுத்தினால் விமானம் தானே நிலையம் தேடி இறங்கும் ஏற்பாடும் வந்திருக்கிறது. கருவிகள் இப்படி வளர்ந்தாலும், அவற்றைத் தொடும் துணிவு ஏற்கெனவே பழக்கத்தால் வந்திருக்க வேண்டும். ஒருமுறையும் சக்கரத்தைப் பிடித்திராத கை, பிடிக்க வேண்டிய கணத்தில் மடியிலேயே உறைந்துவிடக்கூடும்.

கொடுக்கும் முறை

அப்படியானால் கொடுப்பதற்கு ஒரு முறை வேண்டும்; அந்த முறை தரையிலேயே தொடங்க வேண்டும். பிரயாணியின் ஆசனம் தண்டவாளத்தில் சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று விமானி தம் கையாலேயே அசைத்துப் பார்க்க வேண்டும். ஏனெனில் பின்னோக்கி வழுக்கும் ஆசனத்தில் இருப்பவர் பிடிப்புக்காக முதலில் எட்டிப் பிடிப்பது சக்கரத்தைத்தான். கேமரா, கைப்பை, சால்வை முதலியன சக்கரத்தண்டின் வழியில் இருக்கலாகாது. பாதங்கள் மிதியில் படாமல் தரையில் தட்டையாக இருக்க வேண்டும். ஏறும்போதும் இறங்கும்போதும் எதையும் தொடுவதில்லை என்பதும், விமானி கேட்டவுடன் கையை எடுத்துவிட வேண்டும் என்பதும் என்ஜினை முடுக்குவதற்கு முன்பே பேசி முடிவாகியிருக்க வேண்டும். பின் ஆசனத்தில் வேறு பிரயாணிகள் இருந்தால் அவர்களுடைய சம்மதமும் அவசியம். அவர்கள் நம்பி ஏறியது விமானியின் கையை. தயங்குகிறவரை வற்புறுத்துவதோ பெருந்தவறு.

வானில் தரைக்குக் குறைந்தது 3,000 அடி உயரத்தில், தெளிந்த தொடுவானம் தெரியும் அமைதியான காற்றில், போக்குவரத்து மிகுந்த இடங்களை விட்டு விலகிய பின், ஆட்டோபைலட்டை நிறுத்தி, டிரிம் சக்கரத்தால் விமானத்தைச் சமன் செய்துகொண்டு, விமானி முதலில் தம் கைகளை எடுத்துக் காட்ட வேண்டும். விமானம் தானே பறப்பதைப் பிரயாணி கண்ணாரக் கண்டுவிட்டால் பாதிப் பதற்றம் தணிந்துவிடும். தொடுவானம் எந்த உயரத்தில் தெரிகிறது என்பதைக் காட்டி, அது அங்கேயே இருக்கும்படி பார்த்துக்கொள்வதுதான் வேலை என்று சொல்ல வேண்டும். கட்டைவிரலும் இரு விரல்களும் போதும். முழுக்கையால் பற்ற வேண்டியதில்லை. பிறகு, “விமானம் உங்களிடம்” என்று விமானி சொல்ல, “விமானம் என்னிடம்” என்று பிரயாணி சொல்ல, “ஆம், உங்களிடம்” என்று விமானி மறுபடி உறுதி செய்தாலன்றிக் கை மாறியதாகக் கொள்ளலாகாது. திரும்ப வாங்கும்போதும் இதே மும்முறைச் சொல். ஏரோஃப்ளாட் விமானத்தில் நேர்ந்த குழப்பத்துக்கு இதைவிடச் சிறந்த மருந்து இல்லை.

கொடுத்த பின் விமானியின் வேலை குறைவதில்லை, மிகுகிறது. அவருடைய பாதங்கள் மிதியில் இருக்க வேண்டும். கை சக்கரத்தைத் தொடாமலும் விலகாமலும் அதன் அருகில் இருக்க வேண்டும். கண் வெளியே மற்ற விமானங்களைத் தேடிக்கொண்டிருக்க வேண்டும். மாட்டுவண்டியில் பேரனுக்குக் கயிற்றைக் கொடுக்கும் தாத்தா, அதே கயிற்றைப் பையனின் கைக்குப் பின்னால் தம் விரலிடுக்கிலும் வைத்திருப்பது போன்ற ஜாக்கிரதை அது. எவ்வளவு சாய்வு வந்தால் திரும்ப வாங்குவது என்பதை அவர் முன்னதாகவே தம் மனத்தில் தீர்மானித்திருக்க வேண்டும். 30 டிகிரி அதற்குத் தாராளமான எல்லை. கைச்சக்கரம் ஒன்றே உள்ள விமானத்தில் அதைப் பிரயாணியின் பக்கம் மாற்றிக் கொடுப்பதற்கோ, எந்த விமானத்திலும் தம் ஆசனத்தை விட்டு எழுந்து இடம் கொடுப்பதற்கோ எந்த நிபந்தனையின் பேரிலும் இடமில்லை.

செய்யத்தக்கது

இவை யாவும் சொல்வதற்கு எளியவை. செய்வதற்குப் பழக்கம் வேண்டும். அமெரிக்காவில் சாதாரண விமானி ஆவதற்குக் குறைந்தபட்சம் 40 மணி நேரப் பறத்தல் போதும். கருவிகளை மாற்றிக்கொள்ளும் மும்முறைச் சொல்லை அந்தப் பயிற்சியில் அவர் கற்கிறார். ஆனால் ஆசிரியரிடமிருந்து வாங்குபவராக இருந்தே கற்கிறார். ஒருவர் கையில் விட்டுவைத்து, அவருடைய தவறு எந்த நொடியில் ஆபத்தாகிறது என்று கண்டு, கடுமையின்றித் திரும்ப வாங்கும் பாடம் அவருக்கு இல்லை. அது ஆசிரியர் ஆக விரும்புகிறவருக்கு மட்டுமே கற்பிக்கப்படுகிறது. ஸ்பின் என்னும், தாங்கும் சக்தியை இழந்து சுழன்று விழும் நிலையில் இறங்கி மீளும் பயிற்சிகூட அமெரிக்காவில் ஆசிரியருக்கு மட்டுமே கட்டாயம், சாதாரண விமானிக்கு இல்லை. ஆசிரியர் செய்யும் காரியத்தை ஆசிரியரின் பயிற்சி இன்றிச் செய்யும்படி நாம் அவரை விட்டிருக்கிறோம்.

ஆகையால் என் முடிவு இது. தனியார் சிறு விமானங்களில் பிரயாணி கருவியைத் தொடுவதை முற்றும் தடை செய்யும் சட்டம் வேண்டியதில்லை. அது நல்ல அநுபவத்தையும் ஆபத்துக் காலத் துணையையும் அழிப்பதோடு, மறைவில் செய்பவரைத் தடுக்கவும் உதவாது. காட்சிக்காகவும் சாதனைக்காகவும் செய்வதைத் தடுக்கும் 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தின் எல்லை சரியான எல்லை. அதை மற்ற நாடுகளும் ஏற்றுக்கொள்வது நலம். அதற்கு மேல், விமானச் சங்கங்கள் ஒவ்வொன்றும் தம் உறுப்பினருக்கு ஒரு நாள் பயிற்சி அளிக்க வேண்டும். அன்று ஆசிரியர் அநுபவமற்ற பிரயாணியின் பாத்திரத்தை ஏற்று வலப்பக்கம் அமரட்டும். சக்கரத்தை அதிகமாகத் திருப்பட்டும், திடீரென்று இழுக்கட்டும், பயந்து இறுகப் பிடிக்கட்டும். விமானி ஒவ்வொன்றையும் உரிய கணத்தில் கண்டு, வார்த்தையாலும் கையாலும் மீட்டுப் பழகட்டும். அதில் தேறியவர் தம் நண்பருக்கும் மனைவிக்கும் பிள்ளைக்கும் கைச்சக்கரத்தைக் கொடுக்கலாம். தேறாதவர் கொடாமல் இருப்பதே கண்ணியம்; தம் அன்புக்குரியவர்களின் உயிர் தம் கையில் இருக்கிறது என்பதை அறிந்த எவருக்கும் அந்த ஒரு நாள் அதிகமான விலை ஆகாது.